இடது பக்கப் படம்

கொழுந்தன்: அப்ப இதுவும் இல்லையா?

அண்ணி: இது டால்ஃபின்ப்பா.

கொழுந்தன்: கீழ எழுதியிருக்காங்களே... 'கொலைகாரச் சுறா, என் கண்ணால் பார்த்தேன்'னு. மூணு ஆச்சரியக்குறி வேற.

அண்ணி: ஆச்சரியக்குறி போட்டா டால்ஃபின் சுறா ஆயிடுமா? துடுப்பு பின்பக்கமா கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு பாரு. தள்ளு. அடுத்தது.

கொழுந்தன்: இது?

அண்ணி: இது... இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்... இது அலைச்சறுக்குப் பலகை. யாரோ தொலைச்சது. குப்புற மிதக்குது.

கொழுந்தன்: பலகையா! அப்ப அண்ணன் காலைக் கடிச்சது பலகைன்னு எழுதிக் கொடுத்துடுங்க. மீன்வளத்துறை அதிகாரிக்கு வேலை மிச்சம்.

அண்ணி: சிரிப்பு வரலப்பா.

கொழுந்தன்: எனக்கும் வரல அண்ணி. வாய் தானாப் பேசுது.

அண்ணி: எத்தனை பாக்கி இருக்கு?

கொழுந்தன்: ஊர்க்காரங்க அனுப்பினது இன்னும் நாப்பத்தாறு. அப்புறம் நம்ம படகுல அன்னிக்கு நான் எடுத்தது.

அண்ணி: காட்டு, காட்டு. பதினொரு மணிக்கு அந்த அதிகாரி கூப்பிடுவார். அதுக்குள்ள முடிச்சுட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கொழுந்தன்: நீங்க கொஞ்சம் தூங்கிட்டு...

அண்ணி: தூங்கிட்டு எழுந்தா யாரு பாப்பா? இந்தச் சுறா ஆய்வு ஆபீஸ்ல முதுகுத் துடுப்பைப் பாத்து இன்னாருன்னு சொல்ற ஆள் நான் ஒருத்திதான். பன்னெண்டு வருஷமா இதே நாற்காலி. நடுவுல ஒரு தடவை சக்கரம் மட்டும் மாத்தினாங்க.

கொழுந்தன்: இதைப் பாருங்க. வாயைக் குகை மாதிரி தொறந்துட்டு வருது. இது கண்டிப்பாக் கடிச்சிருக்கும்.

அண்ணி: ஐயோ பாவம், அது சாது. பஸ் நீளம் இருக்கும், பல்லு அரிசி நீளம் இருக்கும். தண்ணியில மிதக்கற பொடியைச் சலிச்சுக் குடிச்சிட்டு அது பாட்டுக்குப் போகும். இதையா கொல்லணும்னு அனுப்பியிருக்காங்க?

கொழுந்தன்: 'இவனைத் தூக்கில் போடுங்கள்'னு இருக்கு.

அண்ணி: தள்ளுப்பா.

கொழுந்தன்: இது?

அண்ணி: ...

கொழுந்தன்: அண்ணி? தூங்கிட்டீங்களா?

அண்ணி: இல்ல. மாக்கோ சுறா. என்ன நீலம் பாத்தியா... மூக்கு ஊசி மாதிரி. வாயை மூடினாலும் பல்லு வெளிய நிக்குது பாரு, சண்டைக்காரி மாதிரி. யாருப்பா எடுத்தது இதை? வெளிச்சம் எவ்வளவு நல்லா விழுந்திருக்கு.

கொழுந்தன்: பதினாறு நாளாச் சரியாத் தூங்கல. வீட்டுக்காரருக்கு முட்டிக்குக் கீழ கால் இல்ல. இன்னும் உங்களுக்கு இது அழகாத் தெரியுதா?

அண்ணி: தெரியுதே. அதான் எனக்கே பயமா இருக்கு. நேத்தும் உங்க அண்ணன் உன்னைத்தான் கேட்டார்.

கொழுந்தன்: வந்தேனே. முந்தாநாள் வந்தேன்.

அண்ணி: வராண்டா வரைக்கும் வந்தே. பழத்தை நர்ஸ் கையில கொடுத்துட்டுப் போயிட்டே.

கொழுந்தன்: தூங்கறார்னு சொன்னாங்க...

அண்ணி: யாரு சொன்னா? முழிச்சிட்டுத்தான் இருந்தார். ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் உன் புராணம்தான். 'என் தம்பி மட்டும் கயித்தால தொடையை இறுக்கிக் கட்டலைன்னா நான் இப்ப போட்டோவுல சிரிச்சிட்டு இருப்பேன்'னு. பேப்பர்ல வந்த உன் படத்தை வெட்டி மருந்து டப்பா மேல ஒட்டி வெச்சிருக்கார்.

கொழுந்தன்: அதை எடுத்துடச் சொல்லுங்க அண்ணி.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: மூஞ்சி நல்லா இல்ல அதுல.

அண்ணி: உன் மூஞ்சி எதுலதான் நல்லா இருந்துச்சு? சரி, நம்ம படகுப் படத்தைப் போடு.

கொழுந்தன்: ஊர்க்காரங்களது இன்னும் முடியலையே...

அண்ணி: அது எல்லாம் பலகையும் டால்ஃபினும்தான். போடு.

கொழுந்தன்: ...போட்டுட்டேன். இது ஒண்ணுதான் கொஞ்சம் தேறும். மீதி எல்லாம் தண்ணியும் நுரையும்.

அண்ணி: பெருசாக்கு. இன்னும். துடுப்போட பின் ஓரத்துக்குப் போ. நிறுத்து.

கொழுந்தன்: ஒண்ணும் தெரியல அண்ணி. கலங்கியிருக்கு. படகு ஆடிச்சு.

அண்ணி: கலங்கலாத்தான் இருக்கு.

கொழுந்தன்: பாத்தீங்களா? 'அடையாளம் தெரியவில்லை'ன்னு எழுதிடுங்க. யாரு என்ன கேக்கப் போறா? நாலு பேருக்கு நல்லதாப் போச்சு.

அண்ணி: அப்படி எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?

கொழுந்தன்: என்ன ஆகும், ஃபைலை மூடிடுவாங்க.

அண்ணி: மத்தியானம் எட்டு படகு போகுது. படகுக்கு நாலு கொக்கி. அஞ்சு நாள். நாலு மீட்டருக்கு மேல எது மாட்டினாலும் சுட்டுடலாம்னு ஆணை தயாரா இருக்கு. நான் பேரு சொன்னா ஒண்ணோட நிறுத்துவாங்க. சொல்லலைன்னா எல்லாத்துக்கும் சேத்து.

கொழுந்தன்: எல்லாத்துக்குமா...

அண்ணி: ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஆச்சு. நீ அப்ப படகுக்கு வரல. ஆறு சுறாவைக் கொண்டுவந்து படகுத் துறையில வரிசையாப் போட்டாங்க. 'அம்மா, வந்து அடையாளம் சொல்லுங்க'ன்னாங்க. ஆறையும் எனக்குத் தெரியும். உங்க அண்ணன் வெச்ச பேரு ஒவ்வொண்ணுக்கும். வக்கீல், சம்பந்தி, ஓட்டைக்காது... வயித்தைக் கீறிப் பாத்தா மீனும் கடல்நாய் எலும்பும்தான். நான் நோட்டுல ஒவ்வொரு பேரையும் அடிச்சுட்டு, வீட்டுக்குப் போய் குழம்பு வெச்சேன்.

கொழுந்தன்: சரி, அப்ப ஏதாவது ஒரு பேரைச் சொல்லிடுங்க. எங்கயோ தூரமாப் போயிட்ட ஒண்ணை.

அண்ணி: பொய்யா?

கொழுந்தன்: சுறா வந்து கேக்கப் போகுதா?

அண்ணி: இங்க வா. இந்த ஓரத்தைப் பாரு. மேல ரெண்டு வெட்டு, ஒட்டி ஒட்டி. கீழ ஒண்ணு, பிஸ்கட்டைக் கடிச்ச மாதிரி. அதுக்கும் கீழ வெளுத்த தழும்பு. யாரு இது?

கொழுந்தன்: தெரியல.

அண்ணி: உனக்குத் தெரியலையா?

கொழுந்தன்: கலங்கலா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!

அண்ணி: பத்து கிலோமீட்டர் தள்ளி அதோட முதுகு தெரிஞ்சாலே 'பெரியம்மா வர்றா'ன்னு கத்தறவன் நீ. அஞ்சே கால் மீட்டர். வந்தா படகை ஒரு சுத்து சுத்தி, வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுப் போறவ. இப்ப தெரியல?

கொழுந்தன்: பெரியம்மாவா இருக்காது அண்ணி... அவ யாரையும்...

அண்ணி: பெரியம்மாதான். படம் வந்த அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். அவரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிருந்தாங்க. வெளிய பெஞ்சில உக்காந்து போன்ல பாத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகல.

கொழுந்தன்: அப்ப பதினாறு நாளா ஏன் சொல்லல? இந்த டால்ஃபின், பலகை, இதெல்லாம் எதுக்கு என்னை உக்கார வெச்சுக் காட்டச் சொன்னீங்க?

அண்ணி: நாள் கடத்தத்தான். போன் அடிக்குது பாரு. அந்தாள்தான். எடு. சத்தமா வை, உனக்கும் கேக்கட்டும்.

அதிகாரி: மேடம், வணக்கம். ஐயா எப்படி இருக்கார்?

அண்ணி: இருக்கார் சார். நேத்து உக்கார வெச்சாங்க.

அதிகாரி: நல்லது... நல்லது. உங்களை இந்த நேரத்துல தொந்தரவு பண்றது எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா மேல இருந்து காலையில மூணு போன். கடற்கரையை மூடி பதினாறு நாளாச்சு. பேரு கிடைச்சுதா?

அண்ணி: சார், ஒண்ணு கேக்கணும். இந்த ஆணை, சுறா தானா வந்து கடிச்சிருந்தாத்தானே?

அதிகாரி: ஆமா. தானா வந்து தாக்கினாத்தான்.

அண்ணி: யாராவது இரை காட்டி வரவழைச்சிருந்தா?

அதிகாரி: அப்ப இது செல்லாது மேடம். தப்பு மனுஷன் மேல. சுறாவைத் தொட முடியாது. அந்தப் படகோட உரிமம் போயிடும், ஆள் மேல வழக்கு வரும். ஏன், அப்படி ஏதாவது...

அண்ணி: பத்து நிமிஷம் கொடுங்க சார்.

அதிகாரி: பத்தே பத்து. படகுக்காரங்க டீசல் ஊத்திட்டாங்க.

கொழுந்தன்: ...வெச்சுட்டாரா?

அண்ணி: வெச்சுட்டார்.

கொழுந்தன்: ஏன் அண்ணி அப்படிக் கேட்டீங்க?

அண்ணி: சும்மாத்தான்.

கொழுந்தன்: சும்மா கேக்கற கேள்வியா அது?

அண்ணி: படத்தோட மூலையில நம்பர் இருக்கே, அதைப் படி.

கொழுந்தன்: நாலாயிரத்து நானூத்துப் பதினேழு.

அண்ணி: அடுத்தது?

கொழுந்தன்: நாலாயிரத்து நானூத்து... காமிரா சில சமயம் தாவும் அண்ணி. பழைய காமிரா.

அண்ணி: நம்பரைச் சொல்லு.

கொழுந்தன்: இருபத்தொம்போது.

அண்ணி: நடுவுல பதினோரு படத்தைக் காணோம். மென்னு முழுங்காதப்பா. எனக்கும் தெம்பு இல்ல. நீயே சொல்லிடு.

கொழுந்தன்: தண்ணி குடிச்சுக்கறேன்.

அண்ணி: குடி.

கொழுந்தன்: ...அண்ணன் அடியில எறங்கினார். சுறா போறது வர்றதைப் பதிவு பண்ற கருவிக்கு பேட்டரி மாத்த. இருபது நிமிஷ வேலை. எப்பவும் இருபது நிமிஷம் ஆகும் அண்ணி, குறைஞ்சதே இல்ல.

அண்ணி: ம்.

கொழுந்தன்: நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. பெரியம்மாவோட வலது பக்கம் நூறு படம் இருக்கு, இடது பக்கம் ஒண்ணுகூட இல்லைன்னு. எப்ப வந்தாலும் அவ ஒரே பக்கமாச் சுத்துவா... அன்னிக்குத் தூரத்துல அவ முதுகைப் பாத்தேன். அண்ணன் அந்தப் பக்கம், ஆழத்துல. இந்தப் பக்கம் ஒரு மீன் தலையைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டா, திரும்பி வருவா, நாலு படம் எடுத்துட்டு, அண்ணன் மேல வர்றதுக்குள்ள இழுத்துப் போட்டுடலாம்னு நினைச்சேன். முகமூடிப் பட்டை அறுந்துபோச்சு அவருக்கு. ஏழாவது நிமிஷம் மேல வந்துட்டார். எந்தப் பக்கம் வர்றோம்னே தெரியாம கயிறு கிட்டயே வந்துட்டார். நான் பாக்கல. காமிராவுக்குள்ள கண்ணை வெச்சிட்டு இருந்தேன். அவ வந்தா அண்ணி. இடது பக்கம். முழுசா. வெயில் நேரா விழுது. விரல் நிக்கல எனக்கு. அழுத்திட்டே இருந்தேன். கடைசிப் படத்துல... கடைசிப் படத்துல அண்ணனோட கை இருக்கு.

அண்ணி: ...சரி.

கொழுந்தன்: நீங்க திட்டுங்க.

அண்ணி: மேல சொல்லு.

கொழுந்தன்: காலைக் கட்டினேன்னு பேப்பர்ல போட்டாங்களே, அந்தக் கயிறு இதுதான். மீன் நாத்தம் அடிச்ச கயிறு. கையில அதுதான் இருந்துச்சு. அண்ணன் என்னைப் பாத்து 'நல்லவேளை நீ இருந்தே'ன்னார். அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள எப்படிப் போவேன்? வாசல்ல நின்னாலே அந்த வார்த்தைதான் கேக்குது.

அண்ணி: பதினோரு படத்தையும் அழிச்சிட்டியா?

கொழுந்தன்: பத்தை.

அண்ணி: ஒண்ணு இருக்கா?

கொழுந்தன்: முதல் படம். அண்ணன் அதுல இல்ல. அழிக்கணும்னுதான் தினமும் எடுத்துப் பாப்பேன்... முடியல.

அண்ணி: காட்டு.

கொழுந்தன்: வேணாம் அண்ணி.

அண்ணி: காட்டுன்னு சொல்றேன்ல.

கொழுந்தன்: ...இந்தாங்க.

அண்ணி: செவுள்கிட்ட வெள்ளையும் சாம்பலும் சேர்ற கோடு... வலது பக்கம் நேரா இருக்கும். இங்க அலை அலையா எறங்குது. கண்ணு கறுப்பில்ல பாத்தியா, நல்ல கருநீலம். வாய் ஓரத்துல பழைய கீறல்... நாசமாப் போக. எவ்வளவு அழகா இருக்கு.

கொழுந்தன்: அழாதீங்க அண்ணி.

அண்ணி: அழல. கண்ணு எரியுது. மூலையில கயிறும் மீன் தலையும் விழுந்திருக்கு. இது போதும். போனைப் போடறேன். நீ பேசு.

கொழுந்தன்: நானா?

அண்ணி: நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான் நடந்தது.

கொழுந்தன்: நம்ம படகு போயிடும் அண்ணி.

அண்ணி: போகும்.

கொழுந்தன்: அண்ணன் என்னை...

அண்ணி: அது அப்புறம். ஒண்ணு ஒண்ணாப் பாப்போம். பேசு.

அதிகாரி: சொல்லுங்க மேடம்.

கொழுந்தன்: சார்... நான் படகோட்டி பேசறேன். அவர் தம்பி.

அதிகாரி: ஓ, நீங்களா! உங்க தைரியத்தைத்தான் எங்க ஆபீஸ்ல...

கொழுந்தன்: சார், அது தானா வரல. நான் மீன் கட்டினேன். படம் எடுக்கறதுக்காக. எங்க அண்ணன் தண்ணியில இருக்கறப்பவே கட்டினேன். அதுக்குப் படம் இருக்கு.

அதிகாரி: இதை நீங்க யாரும் மிரட்டாம, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

கொழுந்தன்: பதினாறு நாள் யோசிச்சேன் சார்.

அதிகாரி: எட்டு படகையும் நிறுத்தச் சொல்றேன். நீங்க எழுத்துல கொடுக்கணும். இன்னிக்கே. கையெழுத்தோட, அந்தப் படத்தோட. படகுச் சாவியையும் கொண்டுவாங்க. ...மேடம் பக்கத்துல இருக்காங்களா?

அண்ணி: இருக்கேன் சார்.

அதிகாரி: இனிமே அந்தச் சுறாவோட பேரு எனக்குத் தேவையில்லை. வெச்சுடறேன்.

கொழுந்தன்: ...முடிஞ்சுது.

அண்ணி: எங்க முடிஞ்சுது? பேப்பர் எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் அதிகாரி ஆபீஸ். இதைப் பேப்பர்ல படிச்சு உங்க அண்ணன் தெரிஞ்சுக்கக் கூடாது.

கொழுந்தன்: நீங்க உள்ள வருவீங்களா?

அண்ணி: வருவேன். கதவைச் சாத்திட்டு உன் பக்கத்துலதான் நிப்பேன். அவர் என்ன சொன்னாலும் நீ வாயைத் தொறக்கக் கூடாது. கத்தட்டும். கத்தறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு.

கொழுந்தன்: கத்தினா பரவாயில்ல அண்ணி. கத்தாம இருந்துட்டார்னா?

அண்ணி: ...எழுது. தேதி போடு.

கொழுந்தன்: போட்டாச்சு. 'இதனால் தெரிவிப்பது'ன்னு ஆரம்பிக்கவா?

அண்ணி: ஆரம்பி. மீன் கட்டினது, எந்தப் பக்கம், எத்தனை மணி, எல்லாம் போடு. 'தெரியாமல்'னு போடாதே. தெரிஞ்சுதான் கட்டினே.

கொழுந்தன்: ம்... எழுதிட்டேன். இப்படி வெச்சுக்கலாமா? 'இதில் என்னைத் தவிர யாருக்கும் பங்கில்லை.'

அண்ணி: அந்த வரியை அடிச்சுடு.

கொழுந்தன்: ஏன்? உங்க வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னுதான்...

அண்ணி: அடின்னு சொன்னேன்ல. கொடு, நானே அடிக்கறேன். கீழ ரெண்டு கோடு போடு. ஒண்ணுல நீ கையெழுத்துப் போடு. ஒண்ணுல நான்.

கொழுந்தன்: விளையாடாதீங்க அண்ணி. நீங்க எதுக்கு? வீட்டுல ரெண்டு சம்பளமும் போகணுமா? மீன் கட்டினது நான், உங்களுக்கு அன்னிக்குச் சாயங்காலம்தானே தெரியும்?

அண்ணி: ரெண்டு வருஷமாவே தெரியும்ப்பா. நீ கொண்டுவர்ற ஒவ்வொரு படத்துலயும் ஓரத்துல கடல்பறவைங்க கூட்டமா தண்ணியைக் குனிஞ்சு பாத்துட்டு இருக்கும். எதைப் பாக்குதுன்னு எனக்குத் தெரியாதா என்ன, நீ கட்டித் தொங்கவிட்ட மீனைத்தானே... படம் அவ்வளவு அழகா வந்துட்டு இருந்துச்சு. கேட்டா நீ நிறுத்திடுவேன்னு கேக்கல.